அடுத்த கொல்லம்

எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணிகளில் ஒரு மஞ்சள் பனியன் உண்டு. முன்னால் யானைப் படம், பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு வார்னிஷ் கறை. 2014ல் பாலக்காடு ஸ்டேடியம் பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் 150 ரூபாய்க்கு வாங்கியது. கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து டீமின் பனியன், பிளாஸ்டர்ஸ் என்ற பெயரில் ஒரு எழுத்து குறையும். அதைக் காட்டிப் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னேன். "எழுத்துப் படிக்கவா வாங்கறீங்க, கலரைப் பாருங்க" என்றார் கடைக்காரர். நியாயம்தான் என்று கொடுத்துவிட்டேன்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும். தெருவில் பேச்சு தமிழ், படித்தது தமிழ் மீடியம், துணி எடுக்கப் போவது கோயமுத்தூர் இல்லாவிட்டால் பொள்ளாச்சி. கோயமுத்தூர்க்காரர்கள் எங்களை மலையாளத்துக்காரர் என்பார்கள். திருச்சூரைத் தாண்டினால் பாண்டி என்பார்கள். தொழில், எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுவது. கேரளம் என்றால் மழை என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். கிணற்றில் தண்ணீரும் கம்பியில் வோல்டேஜும் சேர்ந்து இறங்கும் மாதங்களில்தான் எனக்கு வேலை கூடும். அடுத்தவர் மோட்டார் எரிந்தால்தான் எனக்குச் சோறு என்பதால், நொந்துபோய் வருகிறவர்களிடம் பேசிப் பழக்கம் இருக்கிறது.

கேரளா பிளாஸ்டர்ஸ் மூன்று இறுதிப் போட்டிகளில் தோற்றிருக்கிறது: 2014, 2016, 2022. அப்புறம் 2023, 2024 என அடுத்தடுத்து இரண்டு வருடம், தோற்றால் வெளியே என்கிற பிளேஆஃப் ஆட்டத்தில், இரண்டும் கூடுதல் நேரத்தில். கோப்பை ஒன்றுகூட இல்லை. "இன்னுமா அதப் பாக்கறீங்க?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். எப்படிப் பார்க்கிறேன் என்று வேண்டுமானால் சொல்கிறேன். ஏன் என்பது எனக்கே பிடிபடவில்லை.

பைத்தியத்தைக் கொடுத்தது என் தாய்மாமா. சின்ன வயதில் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து செவன்ஸ் பார்க்கக் கூட்டிப்போவார். அறுப்பு முடிந்த வயலில் கமுகு மரங்களைக் கட்டி கேலரி போட்டிருப்பார்கள். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுவார்கள். ஒருவர் எழுந்து உட்கார்ந்தாலே வரிசை முழுக்க ஆடும். மாமா எந்த டீமுக்கும் சொந்தமில்லாதவர். "இன்னிக்கு எவன் நல்லா ஆடறானோ அவன் நம்மாளு" என்பார். வீட்டுக்குத் திரும்பும்போது அவருக்கு ஒருநாளும் துக்கம் இருந்ததில்லை. அந்த வித்தையை மட்டும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

2014ல் இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐ.எஸ்.எல்., ஆரம்பித்தது. முதல் வருடமே அரையிறுதியில் சென்னையின் எஃப்.சி.யும் (டீமின் பெயரே 'சென்னையின்'தான்) கேரளா பிளாஸ்டர்ஸும் மோதின, எங்கள் ஊரைக் கிண்டல் செய்யவே ஏற்பாடு செய்ததுபோல. கொச்சியில் கேரளா 3-0. அடுத்த ஆட்டம் சென்னையில், இரண்டு ஆட்டத்து கோல்களையும் கூட்டித்தான் முடிவு. எங்கள் டீக்கடை டிவிக்கு முன்னால் நாற்பது பேர் இருந்திருப்போம். கடைக்காரர் சென்னைக் கட்சி, பஜ்ஜி போடுகிறவர் கேரளக் கட்சி. நான் முடிவு செய்திருக்கவில்லை. மாமா என்னைப் பார்த்து, "ஓட்டு எங்க போடற?" என்றார். "கேரளாவுலங்க." "கனவு எதுல காண்பே?" "தமிழ்லதான்." "அப்ப நடுவுல உக்காரு" என்று பெஞ்சின் நடுவைக் காட்டினார்.

90 நிமிடத்துக்குள் சென்னை மூன்று கோலையும் திருப்பிவிட்டது. கூடுதல் நேரம். 117வது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் அடித்தார், மொத்தக் கணக்கில் கேரளா 4-3. நான் யோசித்து முடிவெடுக்கவில்லை. பெஞ்சின் மேல் நின்று கத்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கடைக்காரர் என் டீக்கிளாஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 20, மும்பையில் இறுதிப் போட்டி. எதிரே அட்லெடிகோ டி கொல்கத்தா. ஸ்கோர் 0-0. கூடுதல் நேரத்துக்குப் போகிறது என்று எல்லோரும் ஒன்றுக்குப் போக எழுந்த நேரம். காயத்துக்காகக் கொடுத்த நிமிடங்களில் ஒரு கார்னர், முகமது ரஃபீக் தலையால் முட்டினார், முடிந்தது. டீக்கடையில் ஒருவரும் பேசவில்லை. எண்ணெய்ச் சட்டி மட்டும் பொரிந்துகொண்டிருந்தது.

என் மனைவியின் அண்ணன் பொள்ளாச்சிக்காரர், சென்னையின் ரசிகர். அவரோடு கேரளா கோப்பை வாங்கும் என்று ஆயிரம் ரூபாயும் ஒரு பிரியாணியும் பந்தயம் கட்டியிருந்தேன். பணம் போனதுகூடப் பெரிதில்லை. பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அவர் எலும்பு கடிப்பதைப் பார்க்க வேண்டியிருந்ததே, அதுதான். அன்றோடு பந்தயத்தை விட்டேன். பிற்பாடு மொபைலில் டீம் கட்டிப் பணம் வைக்கிற ஆப்கள் வந்தபோதும் தொடவில்லை. பணம் வைத்துவிட்டால் எதற்காகத் துக்கப்படுகிறோம் என்பதே குழம்பிப்போகும். ஒன்று டீமுக்காக அழ வேண்டும், இல்லை பர்ஸுக்காக அழ வேண்டும்.

அந்தத் தோல்வியில் இன்னொரு நஷ்டமும் உண்டு. மறுநாள் ஞாயிறு. ஒரு தென்னந்தோப்புக்காரர் மூன்று ஹெச்.பி. மோட்டாரை அவசரமாகக் கேட்டிருந்தார். காயில் கட்டுவதில் சுற்று எண்ணிக்கைதான் உயிர். ஒரு காயிலுக்கு இத்தனை சுற்று என்றால் அத்தனைதான். குறைந்தால் மோட்டார் ஆம்ப்ஸ் கூட இழுத்துச் சூடேறும். நான் கம்பியைச் சுற்றிக்கொண்டே அந்த கார்னரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கோல் கீப்பர் வெளியே வந்திருக்கணுமா? பின்னால் யார் நின்றது? முப்பத்தொன்றா முப்பத்தாறா என்று ஒருமுறை சந்தேகம் வந்தது. பிரித்து எண்ணாமல் மேலே போய்விட்டேன். இரண்டே நாளில் மோட்டார் திரும்பி வந்தது, கருகிய வாசனையோடு. கம்பி, வார்னிஷ், கூலி எல்லாம் என் கையிலிருந்து. தோப்புக்காரர் திட்டவில்லை. "உடம்பு கிடம்பு செரியில்லையா?" என்று கேட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அப்போது வைத்த விதியை இன்றுவரை மீறவில்லை. தோற்ற மறுநாள் பிரிக்கிற வேலை மட்டும்தான். எரிந்த காயிலின் தலையை வெட்டி, ஸ்லாட்டிலிருந்து கம்பியை இழுத்து எடுத்து, கருகிய பேப்பரைச் சுரண்டுகிற வேலை. அதற்குக் கணக்கு வேண்டாம், பலம் போதும். இழுக்க இழுக்க மனசும் கொஞ்சம் காலியாகும். கட்டுகிற வேலை அதற்கடுத்த நாள். வேறு தொழில்காரர்களுக்கும் இப்படி ஒரு பிரிக்கிற வேலை இருக்கும். தையல்காரருக்குப் பழைய தையலைப் பிரிப்பது, ஆசிரியருக்கு அலமாரி ஒழிப்பது, இப்படி ஏதாவது. அன்றைக்குப் பேரம் பேசக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, முக்கியமாக வீட்டில் பழைய கணக்கு எதையும் எடுக்கக் கூடாது.

2015 பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கேரளா கடைசி இடம். சென்னையின் சாம்பியன். மச்சான் கோவாவோடு நடந்த இறுதிப் போட்டியைப் பத்துமுறை சொன்னார். தோற்றுக்கொண்டிருந்த சென்னையினுக்கு 90வது நிமிடத்தில் சமன் செய்துகொடுத்தது யாரென்றால் கோவா கோல் கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி, தன் வலையிலேயே. அடுத்த இரண்டு நிமிடத்தில் மெண்டோசா அடித்து 3-2. கட்டிமணி பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

2016 இறுதிப் போட்டி கொச்சியிலேயே. டிசம்பர் 18, ஞாயிறு. மறுபடியும் கொல்கத்தா. பக்கத்துத் தெரு சேட்டன் ஒருவர், மின்வாரியத்தில் வேலை, எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார். நோட்டு செல்லாது என்று அறிவித்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஏ.டி.எம். வரிசையில் நின்று கிடைத்தது ஒரே ஒரு இரண்டாயிரம் ரூபாய்த் தாள். இளஞ்சிவப்பாக, மடிப்புக் கலையாமல், பைக்குள் இருந்தது. எதற்கும் பிரயோஜனமில்லை. டீக்கடையில் நீட்டினால் "சில்லற இல்ல சேட்டா" என்பார்கள். எறணாகுளம் நார்த்தில் இறங்கி கலூருக்கு நடந்தோம். அப்போது கொச்சியில் மெட்ரோ ஓட ஆரம்பிக்கவில்லை. ரோடு முழுக்க மஞ்சள். மதியமே உள்ளே போய் உட்கார்ந்தாயிற்று. மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழ சாதப் பொட்டலம் பைக்குள்.

ஐம்பதாயிரம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் கத்தினால் அது காதில் கேட்காது, நெஞ்செலும்பில்தான் கேட்கும். 37வது நிமிடத்தில் முகமது ராஃபி முட்டி கோல். பின்னாலிருந்தவர் என் தோளில் ஏறிவிட்டார். ஏழே நிமிடத்தில் செரேனோ சமன் செய்தார். அதற்கப்புறம் 120 நிமிடம்வரை ஒன்றுமில்லை. பெனால்டி.

கொல்கத்தாவின் முதல் பெனால்டியை எடுக்க வந்தவர் இயன் ஹியூம். 2014ல் எங்கள் ஆள். அந்த வருடம் அவரை ஹியூமேட்டன் என்று கூப்பிடாத பிள்ளை கேரளத்தில் கிடையாது. இப்போது எதிர் ஜெர்ஸியில். கிரகாம் ஸ்டாக் தடுத்துவிட்டார். ஸ்டேடியம் எழுந்து குதித்தது, நானும் குதித்தேன். குதித்து இறங்கும்போதே ஒரு உறுத்தல். ஹியூம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தது சரியாக எங்கள் பக்கம் பார்த்துத்தான். இன்னொரு கூத்து, எங்களுக்காக ஒரு பெனால்டியை அடித்து கோலாக்கியவர் முகமது ரஃபீக். ஆமாம், 2014ல் கடைசி நிமிடத்தில் எங்களைக் கவிழ்த்த அதே ரஃபீக், இப்போது மஞ்சளில். அங்கேயே, அந்தக் கூச்சலுக்கு நடுவிலேயே, ஆட்டக்காரர்கள் மேல் இருந்த என் கோபம் பாதி போய்விட்டது. அவர்களும் என்னைப்போல வேலைக்காரர்கள். எந்தத் தோட்டத்து மோட்டார் வருகிறதோ அதைக் கட்டுகிறார்கள். யார் தவறவிட்டார் என்று பெயரைப் பிடித்துத் தொங்குவதை அதற்கப்புறம் குறைத்துக்கொண்டேன். இரண்டு வருடத்தில் அவரே நம் பக்கம் வந்து நிற்கக்கூடும்.

இந்தோய் மேலே அடித்தார். ஹெங்பார்ட் அடித்ததை தேப்ஜித் மஜூம்தார் காலால் தடுத்தார். ஜுவல் ராஜா அடித்தார், வலைக்குள். 4-3 கொல்கத்தா.

அந்த மௌனத்தை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. எங்கோ ஒரு செண்டை மட்டும், விஷயம் தெரியாததுபோல, இரண்டு தட்டு தட்டி நின்றது. பக்கத்திலிருந்த பெரியவர், அறுபது வயது இருக்கும், அன்று மதியம்தான் அறிமுகம், தன் துண்டை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி நான்காக மடித்தார். பிறகு என் முதுகில் தட்டி, "சாரமில்ல மோனே, அடுத்த கொல்லம்" என்றார். பரவாயில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம்.

நார்த் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நடுராத்திரி. டீ குடிக்க இரண்டாயிரம் ரூபாய்த் தாளை நீட்டி இரண்டு கடையில் திருப்பி அனுப்பப்பட்டோம். சேட்டனிடமும் அதே தாள்தான். யாரோ ஒரு பையன், முகத்தில் மஞ்சள் சாயம் வழிந்திருந்தது, இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். நாங்கள் எலுமிச்சம்பழ சாதத்தைப் பிரித்தோம். மத்தியானத்துக்குக் கட்டியது, லேசாகப் புளித்திருந்தது. அவனும் உட்கார்ந்து சாப்பிட்டான். நான் தமிழில் பேசினேன், அவன் மலையாளத்தில் பேசினான். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டவன், பாண்டியா என்று கேட்கவில்லை. மஞ்சள் பனியன் போட்டிருந்தேன், அவனுக்கு அது போதுமாயிருந்தது.

தோல்வியை யாரோடு பார்க்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. ஜெயிப்பதை யாரோடும் பார்க்கலாம், மச்சானோடுகூடப் பார்க்கலாம். தோற்கிற வாய்ப்புள்ள ஆட்டத்துக்கு என்னைவிட அமைதியான ஒருவர் பக்கத்தில் வேண்டும். சேட்டன் அப்படி. தோற்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். பிறகு ஒரு விஷயம், சாப்பாடு. போகும்போது கட்டிக்கொண்டு போனதைத் திரும்பும் வழியில்தான் சாப்பிடுவோம் என்று நினைத்துக் கட்ட வேண்டும். புளிசாதம் தாங்கும்.

மறுநாள் கடையில் பனியனைக் கழற்றிக் கந்தல் மூட்டையில் வீசினேன். இனி இல்லை என்று சேட்டனிடமும் சொல்லிவிட்டேன். பிரிக்கிற வேலையை முடித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிப் பார்த்தால், கடைப் பையன் வார்னிஷ் பிரஷை அதில் துடைத்துக்கொண்டிருக்கிறான். "எதுலடா தொடைக்கற?" என்று பாய்ந்துவிட்டேன். பயந்துபோனான். "நீங்கதானுங்கண்ணா கந்தல்ல போட்டீங்க" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. பிடுங்கி வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள், தின்னர் போட்டுத் தேய்த்தார்கள். வார்னிஷ் என்பது போகாமலிருக்கவே செய்த சாமான். கறை அப்படியே தங்கிவிட்டது. அந்த வார்னிஷ் டப்பாவில் இருந்ததில் அதுதான் வீணாகாத பங்கு என்று இப்போது தோன்றுகிறது.

2018ல் சென்னையின் இரண்டாவது தடவை சாம்பியன். "மாப்ள, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல, இந்தப் பக்கம் வந்துரு. பேசற பாஷைக்கு நீ எங்காளுதான்" என்றார் மச்சான். மனசு கொஞ்சம் அசைந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு ஆட்டம் சென்னைக்காகப் பார்த்தேன். ஜெயித்தார்கள். மச்சான் போன் செய்து கத்தினார், நானும் நல்லா ஆடினாங்க என்றேன். கல்யாண வீட்டில் தெரியாத ஆளின் பந்தியில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

2022க்கு வருகிறேன். கொரோனாவால் ஆட்டமெல்லாம் கோவாவிலேயே, காலி ஸ்டேடியத்தில் நடந்த இரண்டாவது சீசன். இவான் வுகோமனோவிச் என்ற செர்பியர் பயிற்சியாளராக வந்து, டீமைக் கையில் எடுத்து ஊதிப் பற்றவைத்தார். எல்லோருக்கும் அவர் ஆசான். லீக்கில் முதலிடம் பிடித்த ஜம்ஷெட்பூரை அரையிறுதியில் சாய்த்து இறுதிப் போட்டி. எதிரே ஹைதராபாத். ஆட்டம் ஃபதோர்தாவில், ரசிகர்களை உள்ளே விடுகிறார்கள். சேட்டன் பைக்கிலேயே கோவா போய்விடலாம் என்றார். மனைவி என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. போகவில்லை. ஆட்டத்துக்குப் போகும் வழியில் காசர்கோடு பக்கம் மலப்புறத்து ரசிகர்கள் இரண்டு பேர் பைக் விபத்தில் இறந்துபோன செய்தி வந்தது. சேட்டன் என் கடைக்கு வந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசாமலிருந்தார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராகப் பேசுவேன்: ராத்திரி பைக் கூடாது. திரும்பி வரும் ரயில் டிக்கெட் கையில் இல்லாமல் வெளியூர் ஆட்டத்துக்குக் கிளம்பக் கூடாது. ஜெயித்த வெறியிலும் தூக்கம் வராது, தோற்ற துக்கத்திலும் வராது. இரண்டிலும் கண் மட்டும் ரோட்டில் சொருகும்.

வீட்டில் பார்த்தோம். மகளுக்கு அப்போது ஏழு வயது. கறைப் பனியன் அவளுக்கு முழங்கால் வரை வரும், அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு சங்கடம், அன்று மஞ்சள் ஜெர்ஸி ஹைதராபாத்துக்கு. லீக் பட்டியலில் மேலே இருந்ததால் அவர்களுக்குத்தான் அது என்று முடிவாகியிருந்தது. எங்கள் ஆட்கள் வேறு கலரில். "நாம அந்தக் கலர், அவங்க மஞ்சள்" என்று சொல்லிவைத்தேன். தலையாட்டினாள்.

68வது நிமிடத்தில் ராகுல் அடித்த பந்து கீப்பர் கையில் பட்டு உள்ளே போனது. திருச்சூர்ப் பையன். கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இருபது நிமிடம், பத்து, ஐந்து. 88வது நிமிடம், மாற்று ஆட்டக்காரராக வந்த சாஹில் தவோரா பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து, பந்து தரையைத் தொடுமுன் ஒரு உதை. சமன். எனக்குக் காது அடைத்துப்போன அந்த நொடியில் பக்கத்தில் கைதட்டும் சத்தம். மகள். மஞ்சள் சட்டைக்காரர்கள் ஓடிக் கட்டிப்பிடிப்பதைப் பார்த்துச் சந்தோஷமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"அது நம்ம கோல் இல்லடீ!" என்று கத்திவிட்டேன். ஏழு வயதுக் குழந்தையிடம். கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. முகம் சுருங்கி, என் பனியனின் கழுத்தை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பெனால்டியில் கட்டிமணி ஒவ்வொன்றாகத் தடுத்தார். 2015ல் தன் வலையில் போட்டுக்கொண்டு மச்சானுக்குக் கோப்பை கொடுத்த அதே கட்டிமணி, அன்று மூன்று பேர் அடித்ததைத் தடுத்து 3-1 என்று முடித்தார். அந்த மனிதர் அந்த ஒரு பந்தை ஏழு வருடம் எங்கே வைத்திருந்திருப்பார் என்று யோசித்தேன். டீமின் தோல்வி என்றால் ரசிகன் எட்டு மணி நேரம் தூங்கமாட்டான், ஒரு வாரம் புலம்புவான். அவர்களுக்கு அது கூடவே வந்து படுக்கும்.

டிவியை அணைத்தபோது மகள் தூங்கிவிட்டிருந்தாள். மனைவி, "ஏனுங்க, அவ கைதட்டுனதுல என்ன தப்பு?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் மகளைக் கடைக்குக் கூட்டிப்போய், பிரித்த செம்புக் கம்பியைக் கையில் கொடுத்து, நேற்று அப்பா கத்தினது தப்பு என்று சொன்னேன். அவள் மறந்தே போயிருந்தாள். அல்லது மறந்ததுபோலக் காட்டினாள். பெண்பிள்ளைகளுக்கு அது சீக்கிரமே கைவந்துவிடுகிறது. அதற்கப்புறம் முக்கியமான ஆட்டம் என்றால் கடைசிப் பத்து நிமிடம் நான் எழுந்து கதவுப் பக்கம் நின்றுகொள்கிறேன். கத்த வேண்டியிருந்தால் வாசலைப் பார்த்துக் கத்தலாம்.

2023, பெங்களூர். கூடுதல் நேரத்தில் ஃப்ரீகிக். எங்கள் ஆட்கள் சுவர் கட்டுவதற்குள் சுனில் சேத்ரி சட்டென்று அடித்து கோலாக்கினார். கோல் செல்லும் என்று நடுவர் சொன்னதும் ஆசான் டீமையே வெளியே கூட்டிப்போய்விட்டார். அப்புறம் நான்கு கோடி அபராதம், ஆசானுக்குப் பத்து ஆட்டம் தடை. அன்று ராத்திரி இரண்டு மணிவரை வாட்ஸப்பில் சேட்டனோடு சண்டை போட்டேன். அவர் வெளியேறியது சரி என்றார். அநியாயத்துக்குத் தலைகுனியக் கூடாதாம். என் கட்சி வேறு. கோல் விவாதத்துக்குரியதுதான், ஆனால் ஸ்கோர் 1-0, இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆட்டம் பாக்கி. ஆடியிருக்க வேண்டும். தோற்பதற்கும் ஆடித்தானே ஆக வேண்டும்? நம் டீம் செய்வதையெல்லாம் நியாயப்படுத்தினால்தான் விசுவாசி என்று யாரும் எழுதிவைக்கவில்லை. இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு அவரே எரிந்த மிக்ஸி மோட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "போட்டே" என்றார், போகட்டும் என்று. மிக்ஸி எரிந்தது நிஜம்தானா என்று எனக்கு இன்றும் சந்தேகம். தோற்ற ராத்திரி போனை அணைத்துவிட்டுப் படுப்பது அதற்கப்புறம் வந்த பழக்கம்.

அடுத்த வருடம், 2024 ஏப்ரல் 19, புவனேஸ்வரில் ஒடிசாவோடு பிளேஆஃப். அன்று தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு. மச்சான் பொள்ளாச்சியில் ஓட்டுப் போட்டுவிட்டு விரலில் மையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஃபியோடர் செர்னிச் அடித்து நாங்கள் 1-0. மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தோம். மொபைலில் படம் டிவியைவிடப் பின்தங்கித்தான் வரும். 87வது நிமிடத்தில் எங்கள் திரையில் பந்து நடு மைதானத்தில் இருக்கும்போதே எதிர் வீட்டிலிருந்து "அய்யோ" என்று குரல். மச்சானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இன்னும் நடக்காத துக்கத்துக்காக அரை நிமிடம் காத்திருந்தோம். வந்தது. கூடுதல் நேரத்தில் இன்னொன்று, 2-1. பிளேஆஃபை மொபைலில் பார்க்காதீர்கள், பார்த்தால் ஜன்னலைச் சாத்துங்கள். அன்றைக்கு மச்சான் கிண்டல் செய்யவில்லை. "அடுத்த கொல்லமா?" என்றார் மெதுவாக. முன்பெல்லாம், "கொல்லம் திருவனந்தபுரம் போற வழியிலல்ல இருக்கு, நீங்க ஏன் மாப்ள அங்க போய்ச் சேரவே மாட்டேங்கறீங்க?" என்று கேட்பவர். ஒரு வாரம் கழித்து கேரளத்தில் ஓட்டுப்பதிவு. நான் வரிசையில் நிற்கும்போது ஆசான் விலகிவிட்டார் என்ற செய்தி வந்தது.

அந்த வருடத் திருவோணம் செப்டம்பர் 15, ஞாயிறு. புதிய சீசனில் எங்கள் முதல் ஆட்டம் கொச்சியில், பஞ்சாபோடு. மகளுக்கு ஒன்பது வயது. முதல்முறையாகக் கூட்டிப்போனேன். போக வர ரயில் டிக்கெட், புளிசாதம், உப்பேரி, ஒரு துண்டு. கறைப் பனியன் இப்போது இடுப்புக்குக் கொஞ்சம் கீழேதான் வருகிறது. மெட்ரோவில் ஸ்டேடியம் வாசலிலேயே இறங்கினோம். ஓணத்துக்காகப் பாதிப் பேரைத்தான் உள்ளே விட்டிருந்தார்கள். அதுவே அவளுக்குக் கடல் மாதிரி. 86வது நிமிடத்தில் பெனால்டி, பஞ்சாப் 1-0. காயத்துக்கான நேரத்தில் ஹிமேனஸ் முட்டி 1-1. மகள் என் கையைக் கிள்ளிவிட்டாள். மூன்று நிமிடம்கூட இல்லை, 95வது நிமிடத்தில் பஞ்சாப் இன்னொன்று. 2-1. நான் வாசல் பக்கம் திரும்பினேன், அங்கே வாசல் இல்லை.

திரும்பும் ரயிலில் அவள் ஜன்னலோரம். புளிசாதத்தை முடித்துவிட்டு உப்பேரிப் பொட்டலத்தின் மூலையில் விரல்விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். நான் போனை அணைக்க மறந்திருந்தேன். ஆலுவா தாண்டியதும் மச்சான் கூப்பிட்டார். எடுக்க வேண்டாம் என்று நான் சைகை காட்டுமுன் அவள் எடுத்துவிட்டாள்.

"மாமா, நாங்க தோத்துட்டோம்."

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ தெரியாது. கொஞ்சநேரம் கேட்டாள்.

"இல்ல மாமா, கொல்லம் வரைக்கும் எல்லாம் வேண்டாம். வர்ற ஞாயித்துக்கெழமையே இருக்கு. ஈஸ்ட் பெங்கால்." போனை என்னிடம் நீட்டினாள். "அப்பா, இன்னொரு பொட்டலம் இருக்கா?"